குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவே ஒரு மாதத் தவணை

பழைய பைக் வாங்கக் கடன் கேட்டு வரும் கல்லூரி மாணவரிடம் பைனான்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி: "அப்பாவுக்கு மாசம் எவ்வளவு வரும்?" தஞ்சாவூர்ப் பக்கத்துக் கூலி வீடுகளிலும் குறு விவசாயி வீடுகளிலும் இதற்கு நேர்மையான பதில் கிடையாது. மாதாமாதம் அங்கே எதுவும் வருவதில்லை. நடவுக்கு வரும், அறுப்புக்கு வரும், நூறு நாள் வேலை நடந்தால் கொஞ்சம் வரும். ஆனாலும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது. பன்னிரண்டாயிரம் என்றோ பதினைந்தாயிரம் என்றோ யாராவது எழுதிவிடுகிறார்கள். கடன் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது. நான்காம் மாதமோ ஐந்தாம் மாதமோ டியூ தவறும்போது, "பையன் சரியில்லை" என்ற பேச்சு எழுகிறது.

டெல்டாவின் ஏழை மாணவருக்கு வண்டிக் கடன் கசந்துபோவதில் வட்டிக்குப் பங்கு உண்டு. அதைவிடப் பெரிய பங்கு நாள்காட்டிக்கு என்பது என் வாதம். கடன் மாதக் கணக்கில் ஓடுகிறது, வீடு போகக் கணக்கில் ஓடுகிறது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் மாணவர்கள் பழைய காருக்குக் கடன் வாங்குவதுண்டு. அங்கே பல ஊர்களில் பேருந்தை நம்பி வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியாது. கடன் வரலாறு இல்லாதவருக்கு விற்பவரே கடன் கொடுத்து, தவணையைத் தன் கடையிலேயே வாங்கிக்கொள்ளும் வியாபாரம் அங்கே பெரிதாக நடக்கிறது. தவணை தவறினால் வண்டி கிளம்பாமல் செய்யும் கருவியைக்கூடச் சிலர் பொருத்திக் கொடுக்கிறார்கள். காவிரிக் கரையில் அந்தக் காரின் இடத்தில் இருப்பது ஏழெட்டு வருடம் ஓடிய 100 சிசி பைக். கருவி தேவையில்லை, வசூலுக்கு வருகிறவருக்கு வீடு தெரியும்.

வண்டி எதற்கு, பஸ் பாஸ் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அரசுக் கல்லூரி மாணவருக்கு இலவசப் பயண அட்டை உண்டு. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குப் பயணம் இலவசம். மன்னர் சரபோஜி கல்லூரிக்கும் குந்தவை நாச்சியார் கல்லூரிக்கும் வகுப்புக்குப் போய்த் திரும்புவதற்கு அது போதும். சிக்கல் வகுப்பு முடிந்த பிறகுதான். காந்திஜி சாலை ஜவுளிக்கடையில் மாலை வேலை பார்க்கும் பையன் கடை சாத்தும் நேரத்தில் ஒரத்தநாட்டுக்குப் பேருந்து பிடித்துவிடலாம். ஒரத்தநாட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊருக்கு அந்நேரத்தில் எதுவும் இல்லை. தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை இப்போது மாணவர்களை இழுக்கிறது. அதற்கு வண்டியும் லைசென்ஸும் இருந்தால்தான் பேச்சு. சம்பாதிக்க வண்டி வேண்டும், வண்டி வாங்கச் சம்பாத்தியம் காட்ட வேண்டும். இந்த முடிச்சில்தான் கடன் வருகிறது.

நாள்காட்டியைக் கொஞ்சம் பார்ப்போம். மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறந்தால் குறுவைக்கு வழி பிறக்கும். புரட்டாசி, ஐப்பசியில் அறுப்பு. சம்பா அறுப்பு தை, மாசியில். குறுவை எடுத்த வயலில் தாளடி போட்டால் அது இன்னும் கொஞ்சம் பின்தங்கும். சம்பாவுக்குப் பின் உளுந்து, பயறு. சித்திரை, வைகாசியில் பம்புசெட் இல்லாத வீட்டில் கை காய்ந்துவிடும். கல்லூரிச் சேர்க்கையும் கட்டணமும் விழுவது சரியாக அந்த மாதங்களில். பையனுக்கு வண்டி தேவைப்படுவதும் அப்போதுதான். ஆக, வருடத்திலேயே வீட்டில் மிகக் குறைவாகப் பணம் இருக்கும் வாரத்தில் முன்பணம் புரட்டி, முதல் டியூவும் கட்ட வேண்டியிருக்கிறது.

இதுவும் அணை திறந்த வருடங்களின் கதை. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் ஜூன் 12 அன்று அணை திறக்கவில்லை. 2020-ல்தான் அந்தத் தேதி மறுபடி வாய்த்தது. 2022-ல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள், 2024-ல் ஜூலை கடைசி ஆயிற்று. 93.47 டி.எம்.சி. கொள்ளளவுள்ள அந்த அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் டெல்டாவில் கல்யாணத் தேதிகூட முடிவாகும். தவணை அட்டையில் மட்டும் எல்லா மாதமும் ஒரே தொகை.

நெல் விளைந்துவிட்டாலும் பணம் உடனே கைக்கு வராது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி மழையில் குறுவை நெல் அதற்குள் நிற்பது அபூர்வம். மத்திய அரசு தளர்வு கொடுக்கும்வரை சாலையோரம் கொட்டி, காயவைத்து, தார்ப்பாய் போர்த்தி, மறுபடி பிரித்துக் காத்திருக்க வேண்டும். எடை போட்ட பிறகு பணம் வங்கிக் கணக்குக்கு வர மேலும் நாளாகும். இதற்கிடையில் தவணை நாளான ஐந்தாம் தேதி வந்துவிடும். கணக்கில் பணமில்லாமல் ஈ.சி.எஸ். திரும்பினால் வங்கி ஒரு பக்கம் பிடிக்கும், கம்பெனி ஒரு பக்கம் பிடிக்கும். நில உரிமையாளருக்கே இந்தப் பாடு. அறுவடை இயந்திரம் வந்தபின் கூலியாளின் பங்கு எவ்வளவு சுருங்கியது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

பழைய வண்டியைத் தேடிப் போவதற்கான காரணம் எளிது. புது 100 சிசி பைக் ஷோரூமை விட்டு வெளியே வர எண்பது, தொண்ணூறு ஆயிரம் ஆகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்ததும் விலை ஒரு படி ஏறியது. 2023 நவம்பரில் தமிழ்நாடு அரசு இருசக்கர வாகன ஆயுள் வரியை ஒரு லட்சம் வரையிலான வண்டிக்கு 10 சதவீதமாகவும் அதற்கு மேல் 12 சதவீதமாகவும் உயர்த்தியது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததில் கொஞ்சம் இறங்கியது. இறங்கியும் அது கூலி வீட்டுக்கு எட்டும் விலையில்லை. டி.என். 49, டி.என். 68 என்று உள்ளூரிலேயே பதிவான பழைய வண்டிக்கு ஆயுள் வரி ஏற்கெனவே கட்டியாயிற்று. நாற்பது, நாற்பத்தைந்துக்குக் கைக்கு வரும்.

கிழக்கு டெல்டாவில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. நன்னிலம், திருமருகல், தரங்கம்பாடிப் பக்கத்து மாணவர்களுக்கு பி.ஒய். 02 எண் போட்ட காரைக்கால் வண்டி சல்லிசாகக் கிடைக்கும். புதுச்சேரியில் வரி குறைவு என்பதுதான் காரணம். ஆனால் வேறு மாநில எண்ணோடு பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டியை இங்கேயே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி மறுபதிவு செய்ய வேண்டும், இங்கத்து வரியையும் கட்ட வேண்டும். அந்தச் செலவையும் காரைக்காலிலிருந்து வாங்க வேண்டிய என்.ஓ.சி.யையும் சேர்த்தால் சல்லிசு காணாமல் போகும். பலரும் செய்வது, எதையும் செய்யாமல் ஓட்டுவது. சோதனையில் நிறுத்தும்வரை.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்குப் பழைய வண்டிக்குக் கடன் கொடுப்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சொல்லப்போனால் அந்தத் தொழிலை இந்தியாவுக்குப் பெரிய அளவில் செய்து காட்டியதே சென்னைதான். டி.எஸ். சந்தானம் 1954-ல் 2 லட்ச ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் பைனான்ஸைத் தொடங்கியபோது லாரி, பஸ் முதலாளிகளுக்கு வங்கிக் கதவு திறக்காத காலம். ஹயர் பர்சேஸ் முறையில் தவணை முடியும்வரை வண்டி காகிதத்தில் கம்பெனிக்குச் சொந்தம், சாலையில் ஓட்டுபவருக்குச் சொந்தம். அது உண்மையில் வாடகையா, விற்பனையா, கடனா என்ற கேள்வி விற்பனை வரி வழக்காகி உச்ச நீதிமன்றம்வரை போனது. அந்த ஒப்பந்தம் சாராம்சத்தில் கடனே என்று 1960-களின் நடுவில் நீதிமன்றம் சொன்னது. ஹயர் பர்சேஸுக்கென்றே 1972-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கடைசிவரை அது நடைமுறைக்கே வரவில்லை. 2005-ல் ரத்தானது. வாங்குபவரைக் காக்கப் பிறந்த சட்டம் முப்பது வருடத்துக்கு மேல் அலமாரியில் இருந்தே காலமாயிற்று.

அடுத்த அடியை வைத்தவர் ஆர். தியாகராஜன். கணிதம் படித்து, காப்பீட்டுத் துறையில் வேலை பார்த்தவர். நண்பர்களோடு சேர்ந்து 1974-ல் சீட்டு நிறுவனமாக ஸ்ரீராமைத் தொடங்கினார். 1979-ல் ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் பைனான்ஸ் வந்தது. அது பிடித்துக்கொண்டது பழைய லாரியை. கிளீனராக ஏறி, டிரைவராகி, ஒரு பழைய லாரிக்கு முதலாளியாக ஆசைப்படும் ஆள்தான் அதன் வாடிக்கையாளர். அவருக்கு வருமான வரிக் கணக்கு இருக்காது. ஆனால் எந்த ரூட்டில் எவ்வளவு நடை, நடைக்கு என்ன மிஞ்சும், யார் ஜாமீன் நிற்பார் என்பதெல்லாம் கடன் கொடுப்பவருக்குத் தெரியும். தொழிலைப் படித்துக் கடன் கொடுத்தார்கள், காகிதத்தைப் படித்து அல்ல. அந்தக் கணிப்பு பெரிய அளவில் பலித்தது.

லாரிக்குப் பலித்த சூத்திரம் மாணவரின் பைக்குக்கு ஏன் அப்படியே பலிக்கவில்லை? லாரி ஓடினால் பணம் வரும். நடைக்கு நடை டீசல் போக மிஞ்சுவதில் தவணையை எடுத்துவைக்கலாம். மாணவரின் பைக் வகுப்புக்குப் போய் வருகிறது, அது செலவு. சாயங்காலம் நான்கு மணி நேரம் ஓடினால் கொஞ்சம் வரவு, தேர்வு மாதத்தில் அதுவும் இல்லை. லாரிக்காரரை எடைபோட்ட மாதிரி மாணவரை எடைபோட வேண்டுமானால் கடன் கொடுப்பவர் அவருடைய செமஸ்டரையும் அவர் வீட்டின் போகத்தையும் படிக்க வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் கடனுக்கு அவ்வளவு மெனக்கெட யாருக்கும் கட்டுப்படியாகாது. எனவே எல்லோருக்கும் ஒரே அட்டை, ஒரே தேதி, அபாயத்துக்கு ஈடாக வட்டியில் கூடுதல்.

அந்த அட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். பைக் 45,000 ரூபாய். பையன் 15,000 போடுகிறான், மீதி 30,000 கடன், 24 மாதம். "வட்டி 15 பர்சன்ட்தான் தம்பி" என்கிறார்கள். அது பிளாட் வட்டி. இரண்டு வருடத்துக்கு 9,000 ரூபாய் வட்டியை முதலிலேயே சேர்த்து, 39,000-த்தை 24-ஆல் வகுத்தால் மாதம் 1,625. மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது, வட்டியோ கடைசி மாதம்வரை முழு 30,000-க்கும் ஓடுகிறது. குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் வருட வட்டி 26 சதவீதத்தைத் தாண்டுகிறது. டாக்குமென்ட் சார்ஜ் என்று 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 28,500 கொடுத்தால் அது 32 சதவீதம். பையன் காதில் விழுந்தது 15.

2024 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கி இந்த இடத்தில் கை வைத்திருக்கிறது. வங்கிகளும் பதிவு பெற்ற நிதி நிறுவனங்களும் சில்லறைக் கடன் எதற்கும் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுத்தாக வேண்டும். எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த உண்மையான வருட விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். தவணை தவறினால் அபராதம் போடலாம், அதையே வட்டியாக்கி அதன்மேல் வட்டி போடக் கூடாது என்பது 2023-ல் வந்த இன்னொரு உத்தரவு. நல்ல விதிகள். ஆனால் நாலு பேர் பங்கு போட்டு நடத்தும் ஊர் ஆட்டோ பைனான்ஸுக்குள் ரிசர்வ் வங்கி எட்டிப் பார்ப்பதில்லை. கடன் வரலாறு இல்லாத பத்தொன்பது வயதுப் பையன் போய் நிற்பது பெரும்பாலும் அங்கேதான். முதன்முறை கடன் கேட்பவரை சிபில் ஸ்கோர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக வங்கிகள் திருப்பி அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு 2025-ல் விளக்கம் சொல்லியிருக்கிறது. திருப்பி அனுப்ப வேறு காரணமா கிடைக்காது?

பழைய வண்டியில் வட்டியைவிடப் பெரிய பள்ளம் ஒன்று உண்டு. பேர் மாற்றம். பைக் கன்சல்டிங் கடைகளில் தினமும் நடக்கும் பேச்சு இது:

"சிங்கிள் ஓனர் தம்பி. இன்சூரன்ஸ் கரண்ட்ல இருக்கு. எடுத்துட்டுப் போங்க."

"பேரு எப்பண்ணே மாத்தித் தருவீங்க?"

"டியூ முடியட்டும், எச்.பி. கேன்சல் பண்ணி ஒரேயடியா மாத்திக்கலாம். ஓனர் கையெழுத்துப் போட்ட ஃபார்ம் நம்மகிட்ட இருக்குல்ல."

கையெழுத்துப் போட்ட அந்த வெற்றுப் படிவங்கள் 29-ம் 30-ம். சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். கடன் கொடுத்தவர் பெயர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 51-ஆம் பிரிவின்படி ஆர்.சி.யில் ஏற வேண்டும், எச்.பி. என்பது அந்தப் பதிவுதான். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். ஆனாலும் வண்டி பழைய பெயரிலேயே இரண்டு வருடம் ஓடுகிறது. கடைக்காரருக்கு அதில் வசதி உண்டு. டியூ நின்றால் வண்டியைத் தூக்கிவந்து, அதே படிவத்தைக் காட்டி அடுத்தவருக்கு விற்றுவிடலாம்.

இதனால் பழைய உரிமையாளருக்கு வரும் கேட்டை 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் எடுத்துச் சொன்னது. அது பழைய கார் ஒன்றைப் பற்றிய வழக்கு. அந்தக் கார் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு, அவரிடமிருந்து வேறொருவருக்கு என்று கை மாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. விபத்து நடந்தபோது இழப்பீட்டுக்குப் பொறுப்பு யார்? பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்றது நீதிமன்றம். பைக்கை விற்றுக் காசை வாங்கிப் போய்விட்டோம் என்று நிம்மதியாக இருப்பவர்கள் படிக்க வேண்டிய தீர்ப்பு.

வாங்கிய மாணவருக்கும் இதில் சிக்கல்தான். ஒழுங்காகத் தவணை கட்டினாலும் வண்டி அவர் பெயரில் இல்லை. ஊர் பைனான்ஸில் கட்டிய தவணை எந்தக் கடன் வரலாற்றிலும் ஏறுவதில்லை. மூன்றாம் நபர் காப்பீடு காலாவதியானால் தன் பெயரில் புதுப்பிக்க முடியாமல் விட்டுவிடுகிறார். 75-லிருந்து 150 சிசி வரையிலான வண்டிக்கு வருடத்துக்கு 714 ரூபாய் அடிப்படைப் பிரீமியம். அதைக் கட்டாமல் சிக்கினால் முதல் தடவை அபராதம் 2,000. ஒருவரை இடித்துவிட்டால் அப்பாவின் அரை ஏக்கர் போகும். பதினெட்டு நிரம்பாத பையனிடம் வண்டியைக் கொடுத்தால் அதே சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் சிறையும் வரலாம். அந்த வயதில் போட்ட கடன் ஒப்பந்தம் செல்லவும் செல்லாது, பிரிவி கவுன்சில் 1903-லேயே சொல்லிவிட்டது. எனவே காகிதத்தில் கடன்காரர் அம்மா.

டியூ நின்றால் என்ன ஆகும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. "சீஸ் பண்ணிட்டாங்க" என்ற தொடர் டெல்டாக் கிராமங்களில் எல்லாருக்கும் தெரியும். அடியாட்களை வைத்து வண்டியைப் பறிக்கும் வழக்கத்தை உச்ச நீதிமன்றம் 2007-ல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கி எதிர் பிரகாஷ் கவுர் வழக்கில் கண்டித்தது. ஒப்பந்தப்படி வண்டியை எடுத்துக்கொள்ளும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கின்றன, எடுக்கும் முறைக்குத்தான் கட்டுப்பாடு. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 2003-ல் வந்தது. கடன் வசூலில் நெருக்கடி கொடுப்பதைக் குற்றமாக்கும் இன்னொரு சட்டத்தைப் பேரவை 2025 ஏப்ரலில் நிறைவேற்றியது. சட்டங்கள் எல்லாமே கடன் கெட்டுப்போன பிறகு வந்து சேர்கின்றன.

இவ்வளவையும் பார்த்துவிட்ட டெல்டா வீடுகள் வேறொரு வழியைப் பிடித்து வெகுகாலமாயிற்று. அம்மாவின் சங்கிலி. பையன் பைக்குக்குப் பணம் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலிருந்தோ ஊர் வங்கிக் கிளையிலிருந்தோ நகைக்கடனாக வருகிறது. பைனான்ஸ் கம்பெனியின் எந்தப் புள்ளிவிவரத்திலும் இது வண்டிக் கடனாகத் தெரியாது. ஆனால் இந்த வட்டாரத்தில் பழைய வண்டிக்கு நடக்கும் உண்மையான நிதியுதவி இதுதான் என்பது என் கணிப்பு. காரணம் வட்டி குறைவு என்பது மட்டுமல்ல. நகைக்கடனுக்கு மாதத் தவணை கிடையாது. ஆனியில் வைத்ததைத் தை அறுப்பில் மீட்கலாம். இடையில் குறுவைப் பணம் கொஞ்சம் வந்தால் அப்போது ஒரு பகுதியைக் கட்டலாம். விளைச்சல் பொய்த்தால் வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைக்கலாம். போகத்தின் நடையை அறிந்த ஒரே கடன் அது.

கணக்கும் அப்படித்தான். வருடம் 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 30,000-க்கு வருட வட்டி 3,000. அசலைத் தொடாமல் இரண்டு வருடம் ஓட்டினாலும் 6,000. பைனான்ஸில் வட்டியும் டாக்குமென்ட் சார்ஜுமாக 10,500. அடகுக்கடையில் மாதம் 2 ரூபாய் வட்டி என்றால் வருடத்துக்கே 7,200. கூட்டுறவில் வைத்தவர்களுக்கு ஒரு முறை குலுக்கலும் விழுந்தது. குடும்பத்துக்கு 5 பவுனுக்கு உட்பட்ட கூட்டுறவு நகைக்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு 2021 செப்டம்பரில் அறிவித்தது. தகுதி இல்லை என்று கழிக்கப்பட்டவர்களும் நிறைய. 2025-இன் தொடக்கத்தில் அறுபதாயிரத்துக்குக் கீழிருந்த பவுன் அந்த ஆண்டுக்குள்ளேயே தொண்ணூறாயிரத்தைத் தாண்டியதில், அரைப் பவுன் மோதிரமே பழைய பைக்குக்கான கடனைத் தாங்கும் நிலை வந்திருக்கிறது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி இரண்டரை லட்சம் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம்வரை கொடுக்கலாம், மொத்தமாகத் திருப்பும் கடனுக்குக் காலம் பன்னிரண்டு மாதம்.

இதைப் புகழ்ந்து நிறுத்திவிட மனம் வரவில்லை. சங்கிலி அம்மாவுடையது, வண்டி மகனுடையது. மகள் காலேஜுக்கு ஸ்கூட்டி கேட்டால் அதே சங்கிலி வெளியே வருமா என்று கேட்டுப் பார்க்கலாம். "அது அவ கல்யாணத்துக்கு" என்பது வழக்கமான பதில். ஒரு பவுன்கூட இல்லாத வீடுகளும் டெல்டாவில் இருக்கின்றன. நிலமற்ற கூலி வீட்டின் முதல் பட்டதாரிக்கு இந்த வழியும் அடைப்பு.

பெண்களின் வண்டிக்குக் கடன் கொடுத்த முன்னுதாரணம் ஒன்று பக்கத்திலேயே உண்டு. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சைக்கிள் பயிற்சி பரவியது. ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் ஓட்டக் கற்றார்கள். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதோடு நிற்காமல் பெண்கள் சைக்கிள் வாங்கக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பார் போட்ட சைக்கிளையே பெண்கள் வாங்கிப் போனார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். குறைந்த வருமானக்காரரின் வண்டிக் கடனைக் கல்வியின் செலவாக ஒரு மாவட்ட நிர்வாகம் பார்த்தது அங்கேதான். 2018 பிப்ரவரியில் வந்த அம்மா இருசக்கர வாகனத் திட்டம் விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் மானியம் கொடுத்தது, ஆனால் வேலைக்குப் போகும் பெண்களுக்கு மட்டும், புது வண்டிக்கு மட்டும். மாணவியும் பழைய வண்டியும் வெளியே நின்றார்கள்.

கல்விக்கடனில் ஒரு சந்து இருக்கிறது. பாரத ஸ்டேட் வங்கி தன் கல்விக்கடனில் அனுமதிக்கும் செலவுகளின் வரிசையில் 50,000 ரூபாய் வரை இருசக்கர வாகனத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறது. படிப்பு முடிந்து ஒரு வருடம்வரை தவணை கிடையாது என்பதால் நாள்காட்டிச் சிக்கலே எழாது. ஆனால் அரசுக் கலைக் கல்லூரியில் வருடத்துக்குச் சில ஆயிரம் கட்டணம் கட்டும் மாணவர் கல்விக்கடனுக்கே விண்ணப்பிப்பதில்லை. தனியார் பொறியியல் கல்லூரிக்கு லட்சக் கணக்கில் வாங்குபவருக்குத்தான் இந்தச் சலுகை எட்டும். அவரிலும் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

நான் இதைவிட நம்பிக்கை வைப்பது ஓர் எளிய கூட்டல் கழித்தலில். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 செப்டம்பர் முதலும், மாணவருக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்ட் முதலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. டெல்டாவின் கூலி வீட்டில் மாதாமாதம் வரும் அபூர்வமான வரவு அது. போகத்தையும் அணையையும் பாராமல் வருகிற பணம். 30,000 ரூபாய் கடனுக்குக் குறையும் அசல் முறையில் வருடம் 12 சதவீத வட்டி போட்டு 36 மாதம் கொடுத்தால் தவணை 996 ரூபாய். இளங்கலைப் படிப்பின் காலமும் அதே 36 மாதம். அந்த ஆயிரம் புத்தகத்துக்கும் பரீட்சைக் கட்டணத்துக்கும் கொடுத்தது என்று ஆட்சேபிக்கலாம். நானும் தயக்கத்தோடுதான் சொல்கிறேன். ஆனால் இன்று அந்த ஆயிரம் வீட்டு மளிகைக்கும் சுய உதவிக்குழு டியூவுக்கும் போகிற வீடுகளைத் தஞ்சைக் கிராமங்களில் எளிதாகப் பார்க்கலாம்.

தடை கணக்கில் இல்லை. உதவித்தொகையை ஈடாகக் காட்டி ஒரு வங்கியும் கடன் எழுதாது, படிப்பை நிறுத்தினால் அது நின்றுவிடும் என்பார்கள். எட்டு வருடப் பழைய வண்டிக்கு மதிப்புச் சான்று யார் கொடுப்பது என்று அடுத்து கேட்பார்கள். முதல் தடையைக் கூட்டுறவுச் சங்கம் தாண்டலாம், வீட்டை அதற்குத் தெரியும், பயிர்க்கடனை அறுவடையோடு ஒட்டிக் கொடுத்துப் பழக்கமும் உண்டு. இரண்டாவதற்கு ஊர் மெக்கானிக்கை உட்காரவைத்து ஒரு நாள் வண்டிகளைப் பார்க்கச் சொல்லலாம். பேர் மாற்றம் முடிந்து, ஆர்.சி.யில் சங்கத்தின் பெயரில் எச்.பி. ஏறிய பிறகே விற்றவருக்குப் பணம் என்று ஒரு நிபந்தனை போட்டால் வெற்றுப் படிவ வியாபாரமும் அந்த வண்டிகளில் நின்றுபோகும். கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் மத்தியக் கூட்டுறவு வங்கிகள் இருக்கின்றன. ஏதாவது ஒரு சங்கத்தில், சேர்க்கை முடிந்த ஆடி மாதத்தில், இருபது முப்பது பேரோடு தொடங்கிப் பார்க்கலாம். வாராக்கடன் எவ்வளவு என்று மூன்றாம் வருட முடிவில் தெரிந்துவிடும்.